செவ்வாய்க்கிழமை ஆறரை மணி

மாரென் தன் கட்டுரையை அச்செடுத்து என் மேஜையில் வைத்தபோது நான் மதியச் சாண்ட்விச்சைப் பாதி தின்றிருந்தேன். "நார்ப், நகராட்சி சமாச்சாரம் இதுல ரெண்டு மூணு எடத்துல வருது. பேரு, தேதியெல்லாம் சரியான்னு மட்டும் ஒரு பார்வை பாத்துருங்களேன். அதெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி," என்றாள். தோளில் பை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை மதுக்கூடத்தில் புதிதாக வந்திருக்கும் ஒரு இசைக்குழுவைக் கேட்கப் போகிறாள். பீர் குடித்துக்கொண்டு பாட்டுக் கேட்பதற்குச் சம்பளம். கடைசிப் பக்கத்தை நாளை காலை அச்சுக்கு அனுப்ப வேண்டும். நான் கையைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தேன்.

இருபத்தேழு வருடமாக நகர்மன்றக் கூட்டங்களைப் பற்றி எங்கள் வாரப் பத்திரிகையில் எழுதுகிறேன். சாக்கடை வரி, பனி அள்ளும் வண்டிகளின் ஒப்பந்தம், எந்தத் தெருவில் எத்தனை மாடி கட்டலாம் என்ற விதிகள். பத்தொன்பது உறுப்பினர்களில் யார் எப்போது இருமுவார் என்பதுவரை எனக்குத் தெரியும். பத்திரிகை இலவசம், தெருமுனைப் பெட்டிகளில் வியாழக்கிழமை காலையில் நிரப்புவார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள் எடுப்பார்கள், புரட்டுவார்கள். புரட்டுவது எப்போதும் பின்னாலிருந்துதான். பின்பக்கங்களில் சாப்பாடும் பாட்டும். அங்கே மாரென் ஹாகன் இருக்கிறாள். முன்பக்கத்தில் இருக்கும் நான் சூப் கிண்ணத்துக்கு அடியில் விரிப்பாகப் போவேன். இதைப் பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவள் வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. முப்பத்தோரு வயது. அவள் முகம் நகரப் பேருந்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. பொரித்த பாலாடைக்கட்டி எங்கே நன்றாயிருக்கும் என்று அவள் எழுதினால் அடுத்த நாள் அங்கே வரிசை நிற்கும். என் தொலைபேசி அழைப்புகளுக்கு ஆறு வருடமாக உதவியாளர் மூலமாக மட்டுமே பதில் சொல்லிவந்த மேயர், எங்கள் அலுவலக விருந்தில் நேராக அவளிடம் போய், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எங்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். ஆசிரியர் ஃபிலிஸிடம் ஒருமுறை வாய்விட்டே கேட்டுவிட்டேன், என் பக்கத்தை யாராவது படிக்கிறார்களா என்று. "உன் பக்கம் தட்டுல வைக்கிற காய்கறி மாதிரி நார்ப். யாரும் கேட்டு வாங்கமாட்டாங்க, ஆனா இல்லேன்னா நல்லாருக்காது," என்றாள். ஆறுதல் சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள்.

மாரென் எழுதியிருந்தது வாசில் கடையைப் பற்றி. மில் தெருவில் வாசிலும் அவர் மனைவி டோன்காவும் நடத்தும் சாப்பாட்டுக் கடை அது. மாசிடோனியாவிலிருந்து வந்தவர்கள். கட்டடத்தை விலைக்கு வாங்கிய நிறுவனம் அதை இடித்துவிட்டு மாணவர்களுக்குப் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு கட்டப் பார்க்கிறது. நகர்மன்றம் விதியை மாற்றினால்தான் முடியும். இதை நான் மூன்று தடவை எழுதிவிட்டேன். வந்தது ஒரே ஒரு கடிதம், அதுவும் விதியின் உட்பிரிவு எண்ணை நான் தவறாகப் போட்டதாக. இப்போது அவள் அதே விஷயத்தை எடுத்துக்கொண்டு பீன்ஸ் சூப்பில் ஆரம்பித்திருந்தாள்.

கட்டுரை நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. பதினோரு வருடமாக வாரத்தில் நான்கு நாள் அங்கே சாப்பிடுகிறேன். டோன்காவின் இடது மணிக்கட்டில் நீளமாக ஒரு தீத்தழும்பு இருப்பதும், சூப் ஊற்றும்போது அவள் உதடு எண்ணுவதுபோல அசைவதும், அவள் மாசிடோனிய மொழியில் ஒன்றிலிருந்து ஐந்துவரைதான் எண்ணுகிறாள் என்பதும் எனக்கு அந்தத் தாளைப் படித்துத்தான் தெரிந்தது. நான் உட்பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அகப்பையைப் பார்த்திருக்கிறாள்.

கடைசி வரி இப்படி இருந்தது: அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு நகர்மன்றத்துக்கு வாருங்கள், பசியோடு வாருங்கள்.

நகர்மன்றம் செவ்வாய்க்கிழமைதான் கூடும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை தேர்தல் நாள், நகர்மன்றக் கட்டடமே ஒரு வாக்குச்சாவடி. அதனால் கூட்டத்தை ஒருநாள் முன்னால், திங்களுக்கு மாற்றியிருந்தார்கள்.

பென்சில் கையில் இருந்தது. மூன்றாம் வட்ட உறுப்பினர் பிஷிபில்ஸ்கியின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, அதைச் சேர்த்தேன். மேயர் பதவிக்கு வந்து ஐந்து வருடம் என்று எழுதியிருந்தாள், ஆறாகத் திருத்தினேன். செவ்வாய்க்கிழமை என்ற சொல்லின்மேல் பென்சில் முனை சிறிது நேரம் நின்றது. பிறகு எடுத்துவிட்டேன். அவள் மேஜைக்குப் போய், "சரியா இருக்கு," என்று தாளைக் கொடுத்தேன்.

"நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன் நார்ப்," என்று சொல்லிக்கொண்டே அவள் ஓடினாள்.

பக்கம் அச்சுக்குப் போகுமுன் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிழை திருத்துபவரை இரண்டு வருடத்துக்கு முன்பே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

வியாழக்கிழமை மதியத்துக்குள் வாசில் கடை வரிசை மில் தெரு முனைவரைக்கும் வந்துவிட்டது. மாணவர் விடுதிகளில் கையால் எழுதிய சுவரொட்டிகள்: செவ்வாய், ஆறரை மணி, சூப்பைக் காப்பாற்றுவோம். அவள் கேட்கப் போயிருந்த இசைக்குழு நகர்மன்றப் படிக்கட்டில் வந்து வாசிப்பதாக அறிவித்தது. நானூறு பேராவது வருவார்கள் என்று பேச்சு. என் இருபத்தேழு வருடத்தில் பொதுமக்கள் இருக்கையில் நான் பார்த்த அதிகபட்சக் கூட்டம் முப்பத்தெட்டு. அதுவும் நாய்களைப் பற்றிய விவாதம்.

வெள்ளிக்கிழமை மதியம் வாசில் கடைக்குப் போனேன். என் வழக்கமான இடத்தில் யாரோ இரண்டு பெண்பிள்ளைகள் சூப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லாவை ஒட்டிய முக்காலியில் உட்கார்ந்தேன். மாரெனின் கட்டுரை கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது. வாசில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"பாத்தீங்களா நகராட்சிக்காரரே? அந்தப் பொண்ணு என்ன போடு போட்டுருக்கா!"

"நான் நகராட்சிக்காரன் இல்ல வாசில். அதே பத்திரிகைலதான் நானும் எழுதுறேன்."

அவர் கையிலிருந்த காப்பிக் கெண்டி அந்தரத்தில் நின்றது. "நெசமாவா? ஃபைலும் டையுமா வருவீங்களா, நான் வரி ஆபீஸ்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்! ஐயோ, பதினோரு வருஷமா! அந்தப் பொண்ணோட ஆபீசா? அப்ப இன்னிக்குக் காப்பி நம்ம கணக்கு."

சமையலறைப் பக்கமிருந்து டோன்காவின் குரல் கேட்டது. யாருடன் பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. முட்டை வேகவைக்க வைத்திருக்கும் சிறிய கடிகாரத்தைத் திருகி அடுப்போரத்தில் வைத்துவிட்டு, கையில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் தடவித் தடவிப் பேசிக்கொண்டிருந்தாள். "மதிப்புக்குரிய உறுப்பினர்களே, என் பெயர்..." கடிகாரம் அடித்தது. மறுபடி திருகினாள்.

வாசில் குரலைத் தாழ்த்தினார். "கூட்டத்துல ஒருத்தருக்குப் பேச மூணு நிமிஷம்தான் குடுப்பாங்களாமே. நான் பேசுறேன்னேன், விடமாட்டேன்னுட்டா. இருபது வருஷமா ஒரு வாடிக்கையாளர்கிட்டகூடப் பேசினவ இல்ல. செவ்வாய்க்கிழமைக்குள்ள மனப்பாடம் ஆயிரும்னு சொல்றா."

காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமை காலை உழவர் சந்தையில் மாரெனைப் பிடித்தேன். பல்கலைக்கழகத்தின் கால்பந்து ஆட்டம் அன்று. தெருவெல்லாம் சிவப்புச் சட்டை. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பூசணிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றடிக்கு ஒருவர் அவளை நிறுத்திக் கையைக் குலுக்கினார்கள். ஒரு கிழவர் ஆப்பிள் பையையே கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"கூட்டம் திங்கட்கிழமை," என்றேன்.

"எந்தக் கூட்டம்?"

"நகர்மன்றம். செவ்வாய் தேர்தல் நாளாச்சே, அதனால ஒருநாள் முன்னாடி வச்சுட்டாங்க."

பூசணிக்காயைக் கீழே வைத்தாள். "எப்ப மாத்துனாங்க?"

"மூணு வாரம் ஆச்சு. நான் எழுதியிருந்தேன். என் பக்கத்துல, கடைசிப் பத்தியில."

"நான் படிக்கலையே," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு வேறொன்று உறைத்தது. முகத்தில் அது ஏறுவதைப் பார்த்தேன். "நார்ப். என் கட்டுரையத் திருத்திக் குடுத்தீங்களே, அப்ப?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டுத்தான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் திருப்பிச் சொல்ல என்னிடம் இருபத்தேழு வருடம் இருந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், நான் யாரென்று நினைவுக்குக் கொண்டுவர முயல்வதுபோல. "டோன்கா கடிகாரம் வச்சுப் பேசிப் பழகிட்டிருக்காங்க, தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். வெள்ளிக்கிழமையே நான் அதைப் பார்த்துவிட்டிருந்தேன்.

சந்தை நடுவில் ஒரு சிறிய மேடை உண்டு. வயலினும் அக்கார்டியனும் வாசித்துக்கொண்டிருந்தவர்களை நிறுத்தச் சொல்லி ஒலிபெருக்கியை வாங்கினாள். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. வாசில் கடை விசயத்துல நான் தேதியத் தப்பா எழுதிட்டேன். கூட்டம் செவ்வாய் இல்ல, திங்கள். முழுக்க முழுக்க என் தப்பு. சாப்பாட்டப் பத்தி எழுதுறவளுக்குக் கிழம தெரியல." கூட்டம் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். கைதட்டினார்கள், சத்தியமாக. பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் ஏற்றுக்கொண்ட என் தப்புக்காகவும் அவள்மேல் பொறாமைப்பட்டேன். அதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

அவளே நேராக வாசில் கடைக்குப் போய்ச் சொன்னாள். இணையத்தில் போட்டாள், விடுதிகளுக்கு ஆள் அனுப்பினாள். ஃபிலிஸிடம் என் பெயரை எடுக்கவே இல்லை. என்னிடமும் அதன் பிறகு பேசவில்லை.

திங்கட்கிழமை மாலை நகர்மன்றத்தில் அறுபத்திரண்டு பேர். எண்ணுவது என் பழக்கம். வேறு சமயமாக இருந்தால் அது பெரிய கூட்டம். ஆனால் உறுப்பினர்கள் நானூறு பேருக்குத் தயாராகி, வராந்தாவில்கூட நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்கப் பார்க்க அவர்கள் முகங்கள் தளர்ந்ததை நான் பத்திரிகையாளர் மேஜையிலிருந்து பார்த்தேன்.

டோன்கா நீலக் கோட்டு போட்டு வந்திருந்தாள். வாசில் பின்னால் நின்றார். தாளைப் பார்க்காமலே பேசினாள். மாடி கட்டுவதற்குத் தான் எதிரி இல்லை என்றாள். பிள்ளைகளுக்கு வீடு வேண்டும், அவர்களுக்குத்தானே தினமும் சமைக்கிறேன், கீழ்த்தளத்தில் ஒரு அடுப்புக்கு இடம் விடுங்கள் என்றாள். ஒரு இடத்தில் சொல் மறந்துபோய் நின்றாள். உதடு அசைந்தது. ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணியிருப்பாள். பிறகு சொல் வந்துவிட்டது. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

விதி மாற்றம் பத்துக்கு ஒன்பது என்று நிறைவேறியது. பத்தாவது கை பிஷிபில்ஸ்கியுடையது. வராந்தாவில் அவரை மடக்கிக் கேட்டேன்.

"ஊரே கொதிக்குதுன்னாங்க நார்ப். நானும் மாத்திப் போடலாம்னுதான் இருந்தேன். வந்து பாத்தா அறுபது பேரு. என் வட்டத்துல யாரு கொதிக்கிறா, நீங்களே சொல்லுங்க?" என்றார். அதைக் குறிப்பேட்டில் வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டேன். என் கை எழுதிக்கொண்டேதான் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. ஓட்டுப் போடப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தேன். நகர்மன்ற வாசலில் வாக்காளர் வரிசை. சேதி எட்டாதவர்கள் தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தார்கள், சுவரொட்டிகளோடு, கிண்ணங்களோடு, ஒருவன் தோளில் டிரம்மோடு. படிக்கட்டுக்கு நூறடி தள்ளி, விளக்குக் கம்பத்தின் கீழே வாசில் இரண்டு அண்டாக்களை இறக்கி வைத்திருந்தார். தேர்தல் அதிகாரி அம்மாள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து, "ஓட்டுக்கு வந்தவங்க இந்தப் பக்கம், சூப்புக்கு வந்தவங்க அந்தப் பக்கம்! கலந்து நிக்காதீங்கப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மாரென் வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நேத்தே முடிஞ்சுபோச்சு. ஒரு ஓட்டுல போச்சு. நான்தான் தேதியத் தப்பா எழுதிட்டேன்." இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண், "இவ்வளவு எழுதத் தெரியுது, ஒரு தேதி பாக்கத் தெரியாதா?" என்று சுவரொட்டியை அவள் காலடியில் போட்டுவிட்டுப் போனாள். மாரென் குனிந்து அதை எடுத்து மடித்தாள். என்னைப் பார்த்தாள். அடுத்த ஆளிடம் திரும்பினாள்.

நான் சூப் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது டோன்கா ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசில் காகிதக் கிண்ணங்களை நீட்டினார்.

"வாங்க நகராட்சிக்காரரே. வர்றேன்னு சொன்ன புள்ளைங்க எப்படியும் வரும், வெறும் வயித்தோட அனுப்பலாமான்னு இவதான் சொன்னா."

"வாசில், அந்தத் தேதி... அது மாரென் இல்ல..."

"மொதல்ல சாப்பிடுங்க, ஆறிடும்." அவர் கண் அதற்குள் எனக்குப் பின்னால் நின்ற பையனிடம் போய்விட்டது. "தம்பி, அந்த டிரம்மக் கீழ வச்சுட்டு ரெண்டு கையாலயும் புடி."

டோன்காவின் அகப்பை அண்டாவுக்குள் இறங்கியது. அவள் உதடு எண்ண ஆரம்பித்தது. வரிசை என்னைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டது. விரல் சுடும் கிண்ணத்தோடு நான் இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நின்றேன். படிக்கட்டுப் பக்கம் மாரென் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.