முன்னுக்கு மான், உள்ளுக்குச் சீல்

கற்பிட்டிக் குடாநாட்டில் வாழும் சகல மக்களுக்கும், ஒருபக்கம் கிடக்கும் கடலுக்கும், மறுபக்கம் கிடக்கும் உப்புநீர்க் களப்புக்கும், நடுவில் நிற்கும் தென்னைகளுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: நீண்டகால சமூக சேவையாளரும் மூன்று தென்னந்தோட்டங்களின் உரிமையாளருமான அல்ஹாஜ் பதுர்தீன் அவர்கள் அகில இலங்கை சமாதான நீதவானாக நியமிக்கப்பட்டதை முன்னிட்டு, இவ்வருட மாரியில் எமது பிரதேசத்தில் பனி பெய்யும்.

இந்த அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரவில்லை. வானிலை சொல்பவர்களுக்கும் தெரியாது. பதுர்தீன் ஹாஜியார் தன் வீட்டு முன் ஹோலில் சாரத்தை ஒருதரம் உதறிக் கட்டிக்கொண்டு, ஏறக்குறைய இந்தத் தொனியிலேயே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவருடைய மனைவி ஷஃபீனாவும் ஒரு பூனையும். பூனை பாதியில் எழும்பிப் போய்விட்டது. ஷஃபீனாவுக்கு அந்த வசதி இல்லை.

பனி ஒரு பெட்டிக்குள் வந்திருந்தது. கனடாவில் இருக்கும் ஹாஜியாரின் தம்பி றஸீன் அனுப்பிய பெட்டி. உள்ளே மரக்குற்றிகளில் ஒட்டிய ரப்பர் சீல்கள்: பனிப்பூ ஒன்று, கொம்பு வைத்த மான் ஒன்று, மை தோய்க்கும் பஞ்சுப் பெட்டி இரண்டு.

"இந்த முறை புது வருசத்துக்குக் கடை வாழ்த்து மடல் இல்ல. கையால செய்யிறது. கனடாவில பெரிய பெரிய ஆக்கள் மாரியில வீட்டுக்குள்ள இருந்து இப்பிடித்தான் செஞ்சு அனுப்புறாங்களாம்" என்றார் ஹாஜியார்.

"ஆர்ர கையால?" என்று கேட்டாள் ஷஃபீனா.

அவர் மானைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதில் தெரிந்த கேள்விக்கெல்லாம் வாய் திறப்பது பதவிக்கு அழகில்லை என்று நினைத்திருக்கலாம்.

"என்னய சிலாவத்துறைக்குக் கொண்டு போறண்டு சொன்னீங்களே?"

"போவம், போவம். இது முடியட்டும். ரெண்டு நாள் வேல."

மன்னார்ப் பக்கத்துச் சிலாவத்துறையில் அவளுடைய ராத்தா ஸாஜிதா காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்தவள். புருசன் மௌத்து, மகன்மார் கட்டாரில். தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரி வந்துபோகிறாள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் மன்னாரை விட்டு விரட்டப்பட்டு ஒரே பையோடு வந்த சகோதரிகள் இருவரும். சண்டை முடிந்ததும் ராத்தா திரும்பிப் போனாள். ஷஃபீனா இங்கேயே கல்யாணம் முடித்து, ஆசிரியையாகி, இருபது வருடத்துக்குப் பிறகும் ஊராருக்கு 'மன்னார் டீச்சர்' ஆகவே இருக்கிறாள். காட்டுப் பாதை மூடிக் கிடப்பதால் அநுராதபுரம் சுற்றித்தான் போகவேண்டும். ஹாஜியாரின் வேனில் போனால் ஒரு பகல் பயணம். போய் ஒரு கிழமையாவது ராத்தாவுக்குச் சமைத்துப்போட்டு, தலை வாரிவிட்டு வரவேண்டும், அதுவும் பள்ளிக்கூட லீவு முடிவதற்குள். அந்த மாரியில் அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

ரெண்டு நாள் வேலை தொடங்கியது.

வெள்ளை மட்டையை வெட்டி, நடுவில் மடித்து, முகப்பில் மானைக் குத்தி, மானைச் சுற்றிப் பனியைக் குத்தவேண்டும். வெள்ளை மட்டையில் வெள்ளைப் பனி தெரியாதபடியால் ஹாஜியார் நீலப் பனிக்கு அனுமதி வழங்கினார். ஆனால் பனிக்கு மாரி ஒத்துக்கொள்ளவில்லை. வடகீழ்ப் பருவக்காற்று களப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. உப்புப் போத்தலுக்குள் உப்பே தண்ணீராகிற காலத்தில் மை எங்கே காயும்? அடுக்கி வைத்த அட்டைகளில் ஒன்றின் மான் மற்றதின் முதுகில் ஏறியது. பனிப்பூக்கள் கசிந்து கால் நீட்டி நண்டுகளாயின.

"என்ன இது, நண்டு பெய்யுது?" என்று அதட்டினார் ஹாஜியார். "திரும்பச் செய்."

அட்டைகளைச் சுளகில் பரப்பினாள். மேசையில், கதிரைகளில், அலுமாரிக்கு மேல், கடைசியில் கட்டிலிலும் பரப்பி மின்விசிறியைப் போட்டாள். கரண்ட் போனது. படுக்க இடமில்லாமல் சாய்கதிரையில் கண்ணயர்ந்தவளை எழுப்பி, மடிப்பு நேராக இல்லை என்று காட்டினார் சமாதான நீதவான்.

இனி உட்பக்கம். நியமனக் கடிதம் வந்த அன்று பின்னேரமே ஹாஜியார் புத்தளம் டவுனுக்குப் போய், பூட்டிய கடையைத் திறப்பித்து, சமாதான நீதவான்மார் ஆவணங்களை உறுதிப்படுத்தக் குத்தும், பெயரும் பதவியும் போட்ட சீல் ஒன்று செய்வித்திருந்தார். மடல் வேலை தொடங்கியதும் தன் கையெழுத்தையும் ரப்பரில் வெட்டுவித்தார். முந்நூறு அட்டைக்கும் கையெழுத்து வைத்தால் கை நோகுமே! இப்படியாக, 'என் கைப்பட' அனுப்பும் வாழ்த்தில் அவருடைய கை படவேண்டிய கடைசி இடமும் அடைபட்டது.

வாழ்த்துரை ஒன்றும் தயாராக இருந்தது. சூரிய சந்திரரில் தொடங்கி, ஹாஜியாரின் பாட்டனார் களப்பில் மீன்வாடி கட்டிய வரலாறு வழியாக, அடுத்த பிரதேச சபைத் தேர்தலின் ஓரத்தைத் தொட்டு முடியும் இரண்டு பக்கம்.

ஷஃபீனா அதை வாசித்துப் பார்த்தாள். வலது மணிக்கட்டு ஏற்கெனவே வீங்கியிருந்தது.

"இத முந்நூறு தரம் எழுதினா நான் மௌத்தாயிருவன். உள்ளுக்கு ஒண்டுமே எழுத வாணாம். அடியில சீலும் கையெழுத்தும் போதும். வாசிக்கிறவங்களுக்கும் நிம்மதி."

ஹாஜியார் கோபித்துக்கொண்டு தொழப் போனார். அஸர் தொழுதுவிட்டு வரும்போது அது அவருடைய யோசனையாக மாறியிருந்தது.

"உள்ளுக்கு வெறுமையா விடுறதுதான் புள்ள பெருந்தன்ம. அவங்கவங்க மனசில இரிக்கிற ஆசைய அவங்களே எழுதிக்கட்டும். அடியில நான் நிக்கிறன்."

அடியில் அவர் நின்றார். முந்நூறு அட்டைகளில், வெறுந்தாளின் கீழே, சீலோடும் கையெழுத்தோடும்.

அட்டைகளை அவரே வேனில் கொண்டுபோய்க் கொடுத்தார். ராத்தாவுக்கு ஒன்று தபாலில் போனது. அது கிடைத்த அன்று ராத்தா போன் எடுத்தாள்.

"நீ வருவாய்ண்டு பாத்துக்கொண்டிருந்தா, மான் வந்திரிக்கி."

"வாறன் ராத்தா. வேல முடிஞ்சிது. இந்தக் கிழமைக்குள்ள வாறன்."

"இந்த மானுக்குத் தண்ணி அள்ளத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ராத்தா சிரித்தாள்.

வேலை முடியவில்லை. மறுநாள் காலையில் மாம்புரி மீன்வியாபாரி நளீர் ஒரு பாரை மீனோடு வந்து நின்றான்.

"ஹாஜியார், உங்கட மனசு இந்தக் குடாநாட்டில ஒருத்தருக்கும் வராது."

"டிசைன் எப்பிடி?"

"டிசைனா? ஓ, மானா! மானும் நல்லம்தான். ஆனா விசயம் உள்ளுக்கெல்லோ இரிக்கி."

"அதுதான் நளீர் ரசனை எண்டிறது" என்றார் ஹாஜியார். "என்ட வீட்டில இருக்கிறவங்களுக்கு அது விளங்குதில்ல."

நளீர் தேத்தண்ணீர் குடிக்கும்போது அட்டையைக் கதிரையில் வைத்திருந்தான். கோப்பை எடுக்க வந்த ஷஃபீனா அதைப் பார்த்தாள். வெறுந்தாள் வெறுமையாக இல்லை. 'மேற்படி நளீரின் போட் எஞ்சின் சென்ற மாதப் புயலில் கடலோடு போனது உண்மை என உறுதிப்படுத்துகிறேன்.' கீழே சீல். கீழே கையெழுத்து. எல்லாம் அவள் குத்தியது, நேராக.

அன்றிலிருந்து வீட்டு வாசலில் செருப்புக் கூட்டம். தம்பிக்கு ஒன்று வேண்டும் என்றார்கள், மருமகனுக்கு ஒன்று, வெளிநாட்டில் வேலை தேடும் மகனுக்கு ஒன்று என்றார்கள். ஒரு பெண், "மான் போடாதது இரிக்கா? மான் இருந்தா ஒபீசில சிரிப்பாங்க" என்று கேட்டாள். ஹாஜியார் அவளை மட்டும் ரசனை இல்லாதவள் என்று திருப்பி அனுப்பினார். மற்றவர்களுக்காக இன்னும் நூறு அட்டை செய்யும்படி உள்ளே கட்டளை பிறந்தது.

"அவங்க மானுக்கு வரல்ல. சீலுக்கு வாறாங்க" என்றாள் ஷஃபீனா.

"நாலு பேர் என்னய மதிச்சா உனக்குப் பொறுக்காது."

"நளீருக்குப் போட்டே இல்ல. போட் எஞ்சின் போயிட்டுதாம். அடியில உங்கட கையெழுத்து இரிக்கி."

ஹாஜியார் ஒரு கணம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "போட் வாங்கணும்ண்டு அவனுக்கு ஆசை போல. ஆசைய எழுதச் சொன்னது நாந்தானே."

ஷஃபீனா மேசைக்குத் திரும்பினாள். மட்டை வெட்டினாள், மடித்தாள், மான், பனி, சீல், கையெழுத்து. விரல் நுனிகள் நீலமாகிவிட்டன. சோறு பிசைந்தாலும் போகவில்லை. மழை ஓயாமல் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், காய்ந்த அட்டை ஒன்றைத் தனியே எடுத்து, பள்ளிக்கூடத்துப் பேனையால் உள்ளே நாலு வரி எழுதினாள். எழுதி, குசினியில் சீனி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு, மிச்சத்தைக் குத்தப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, லீவின் கடைசி நாள், கிராம உத்தியோகத்தர் டிலுக்ஷி ஸ்கூட்டரில் வந்தாள். சிலாபப் பக்கத்துப் பெண். மழைக்கோட்டுக்குள்ளும் நனைந்திருந்தாள். கைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அனே ஹாஜியார், வேலியோரத்துத் துண்டு றிப்னாஸ்ட காணி எண்டு இதில நீங்க உறுதிப்படுத்தியிருக்கீங்க. அதே துண்டு இனாஸ்ட காணி எண்டு இதில உறுதிப்படுத்தியிருக்கீங்க. முந்தாநாள் ரெண்டு பேரும் என்ட ஒபீசில பிடிச்சு அடிபட்டாங்க. நான் எந்த மான நம்புறது?"

"அது வாழ்த்து மடல் மிஸ்."

"வாழ்த்து எங்க இருக்கு?"

ஹாஜியார் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்த்து எங்கும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு சமாதான நீதவான்ட நல்லெண்ணத்த ஆக்கள் இப்பிடிப் பாவிச்சா..."

"ஹாஜியார், சத்தியப்பிரமாணம் எப்ப செஞ்சீங்க?"

"கடிதம் வந்திச்சே."

"கடிதம் வந்தது எனக்கும் தெரியும். கோர்ட்டுக்குப் போய்ச் சத்தியம் செஞ்சீங்களா?"

"அது... இருவதாந் திகதிக்குத்தான் சொல்லியிரிக்காங்க."

ஷஃபீனா குசினி வாசலில் நின்றாள்.

"அப்ப நீங்க இன்னும் சமாதான நீதவான் இல்ல" என்றாள் டிலுக்ஷி. கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னாள். "இந்தச் சீலும் அந்த மானும் ஒண்டு."

ஹாஜியார் சாரத்தை உதறிக் கட்டப் பார்த்தார். உட்கார்ந்திருந்தபடியால் முடியவில்லை.

"மேலிடத்துக்கு எழுதுவீங்களா மிஸ்?"

"எழுதினா எனக்கு நாலு றிப்போட். வெள்ள நிவாரணத்தோட நான் ஏற்கெனவே செத்துப்போய் இருக்கன். என்னால ஏலாது. நேத்து முழுக்க வீடு வீடாப் போய் அட்டைகளப் பொறுக்கினன். வீட்டில உள்ளதையும் தாங்க, எரிச்சிருவம். சீல நான் கொண்டு போறன். சத்தியம் செஞ்சுபோட்டு வந்து எடுங்க."

புதிதாகச் செய்த நூறும் கட்டுக்கட்டாக வெளியே வந்தன. ஹாஜியாரே எடுத்துக் கொடுத்தார். அந்த அட்டைகளில் அவருடைய கை உண்மையாகப் பட்டது அப்போதுதான்.

"வேற இருக்கா டீச்சர்?"

ஷஃபீனா உள்ளே போய், சீனி டின்னுக்குப் பின்னாலிருந்த அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். டிலுக்ஷி பழக்கத்தில் சத்தமாகவே வாசித்தாள்.

"எனது மனைவி ஷஃபீனாவை லீவு முடிவதற்குள் சிலாவத்துறைக்குக் கூட்டிச்சென்று, கால் உடைந்து கிடக்கும் அவரது ராத்தாவிடம் ஒரு கிழமை விடுவேன் என்று இத்தால் உறுதிப்படுத்துகிறேன்."

கீழே சீல். கீழே கையெழுத்து.

டிலுக்ஷி அட்டையை மடித்தாள். கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் ஷஃபீனாவின் நீல விரல்களைப் பார்த்தாள்.

"இதுவும் செல்லாது டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அதையும் கட்டோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள்.

ஸ்கூட்டர் போன பிறகு வெளியே யாரோ வந்து, "ஹாஜியார், மான் அட்ட இரிக்கா?" என்று கூப்பிட்டுவிட்டுப் பதில் இல்லாமல் திரும்பிப் போனார்கள். மேசையில் கனடா மான் மட்டும் மரக்குற்றியில் கவிழ்ந்து கிடந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"ஷஃபீனா" என்றார். அந்த மாரியில் முதல்தடவையாகத் தொனி இறங்கியிருந்தது. "எனக்கு இனி ஒரு வேலயும் இல்ல. விடியச் சுபஹோட வெளிக்கிடுவமா, சிலாவத்துறைக்கு? ஒரு கிழம எண்டாலும் நிண்டுட்டு வா."

ஷஃபீனா கட்டிலைப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு அதில் அட்டை இல்லை. போய் அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

விடிந்தால் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம்.