சிமென்ட் இறுகியதற்கு மைனஸ் ஐந்து

வட்டார வினாடி வினாப் போட்டிகளின் செய்தி மடல் அந்த அரையிறுதியைப் பற்றி இரண்டே வரி போட்டிருந்தது. உயர்நிலைப் பள்ளி அணி ஐந்து புள்ளி வித்தியாசத்தில் கல்லூரி அணியை வென்றது. கல்லூரி அணியின் ஆட்சேபம் தள்ளுபடி செய்யப்பட்டது. கல்யாண வீட்டில் மண்டை உடைந்த சண்டையை 'விருந்து இனிதே முடிந்தது' என்று எழுதுவார்களே, அந்த மாதிரி.

அந்த ஆட்சேபத்தைக் கொடுத்தவர் ஒரு கொத்தனார். பகலில் சுவர், சாயங்காலம் கல்லூரி. எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தபோதே அவருக்கு முப்பத்து நான்கு வயது. இப்போது நாற்பத்தாறு. கல்லூரி அணியில் நான்கு நாற்காலி. அதில் ஒன்றில் மாலை வகுப்பு மாணவர் ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும் என்று வட்டாரக் குழு அந்த வருஷம் புது விதி போட்டது. சமத்துவத்துக்காக என்றார்கள். மழையில் வேலை நின்று, சனிக்கிழமை சும்மா இருந்த ஒரே மாலை வகுப்பு மாணவர் இவர்தான். சமத்துவம் இவரைத் தேடி வந்தது அந்த வழியாகத்தான்.

வந்த பிறகு அந்த நாற்காலி அவருக்குப் பிடித்துப்போனது. இருபத்தைந்து வருஷமாக ஊரில் உள்ளவர்கள் உட்காரவும் நிற்கவும் தரை போட்டவர். அந்தத் தரையில் அவரை உட்காரச் சொன்னவர் ஒருவர் இல்லை. இங்கேயோ கழுத்துப்பட்டை கட்டிய மனிதர் ஒருவர் அவர் முன்னால் தண்ணீர் பாட்டிலை வைத்து, "தயாரா ஐயா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேள்வியை எடுக்கிறார். அந்த 'ஐயா'வுக்காகவே அவர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.

ஆனால் முப்பத்தொரு ஆட்டம் முடிந்தும் மதிப்பெண் தாளில் அவருக்கு நேராக இருந்தது பூஜ்யம். விஷயம் தெரியாமல் இல்லை. கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வோம் என்று காத்திருந்தார். அடுத்தவர் பேசும்போது குறுக்கே பாயக் கூடாது என்று வளர்ந்த மனிதர். அந்த ஆட்டத்தில் குறுக்கே பாய்வதற்குத்தான் பொத்தானே வைத்திருக்கிறார்கள். கேள்வி பாதியில் இருக்கும்போதே அழுத்தலாம். சரியாகச் சொன்னால் பத்து. தப்பானால் ஐந்து போகும், எதிரணிக்கு மீதிக் கேள்வி கிடைக்கும். இவருடைய அணித் தலைவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். பொருத்தமான பெயர்தான். "இந்த நதி..." என்று வாசிப்பவர் மூச்சு வாங்குவதற்குள் அவன் பொத்தானை அமுக்கி நதியின் பெயரைச் சொல்லிவிடுவான். அந்த நதியில் தண்ணீர் ஓடுகிறதா மணல் ஓடுகிறதா என்று கேட்டால் முழிப்பான். அதை யாரும் கேட்கப்போவதில்லை.

அந்த வாரம் மாலை வகுப்புப் பொறுப்பாளர் அவரை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"இந்தப் போட்டியிலயாவது ஒரே ஒரு கேள்விக்குச் சரியா சொல்லிடுங்க. இல்லன்னா அடுத்த மாசத்துலேர்ந்து நம்ம கிளார்க் தம்பி உக்காரட்டும். அவரும் மாலை வகுப்புதான்."

"ஒண்ணு போதுமா சார்?"

"ஒண்ணே வரலியே!"

ஆகவே கொத்தனாருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது கோப்பை அல்ல. ஒரு பத்து.

பள்ளி அணியின் தலைவி அவருடைய மகள். பழைய கேள்வித்தாள்களை மூட்டை மூட்டையாகப் படித்து வைத்திருப்பவள். காலையில் பஸ்ஸில் அவள் அப்பாவிடம் ஒரு ஏற்பாடு பேசினாள்.

"ப்பா, இன்னிக்கு ரெண்டு பேரும் எதிரெதிரா வந்தா, என்னைத் தெரியாத மாதிரி இருந்துடு."

"வீட்டுல மட்டும் தெரியற மாதிரியா நடந்துக்கற?"

"விளையாட்டுக்குச் சொல்லலப்பா. என்னைப் பாத்துச் சிரிச்சா எனக்குக் கை தடுமாறும்."

"தடுமாறட்டும். எனக்கு ஒரு பத்து வேணும்."

"அதுக்கு நீ முதல்ல பொத்தானைத் தொடணும். அது கடிக்காது."

அரையிறுதியில் எதிரெதிரேதான் வந்தார்கள். ஒரு வகுப்பறை. இரண்டு மேசை, நடுவே ஒயர், ஒயர் நுனியில் எட்டுப் பொத்தான். கடைசிக் கேள்விக்கு வரும்போது கல்லூரி இருநூற்றுப் பத்து, பள்ளி இருநூறு. கொத்தனார் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சில் மட்டம் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், விலகியிருந்தது.

வாசிப்பவர் தொண்டையைச் செருமினார். "மணலும் சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்த கலவை, ஊற்றிய சில மணி நேரத்தில் கல்லாக இறுகத் தொடங்குகிறது. இறுகுவதற்குக் காரணமான இந்த நிகழ்வு..."

மணி அடித்தது. யார் அடித்தது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொத்தனாரும் பார்த்தார். அவர் பெருவிரல்தான் பொத்தான்மேல் இருந்தது.

"ஐயா, பதில்?"

"தண்ணியக் குடிச்சுக்கிட்டு இறுகுறது சார். சிமென்ட்டும் தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு சேந்து வேற பொருளா மாறிடும். அதான் கல்லாகுது."

வாசிப்பவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "தவறு. மைனஸ் ஐந்து." பிறகு மீதியை வாசித்தார். "...இந்த நிகழ்வு, ஈரத்துணி கொடியில் காயும்போதும் நடைபெறுகிறது. அது எது?"

மகள் அழுத்தினாள். "நீர் ஆவியாதல்."

"சரி. பத்து."

பள்ளி இருநூற்றுப் பத்து, கல்லூரி இருநூற்று ஐந்து. பள்ளிப் பிள்ளைகள் மேசை மேல் ஏறாத குறை. முந்திரிக்கொட்டை தலையில் கை வைத்தான்.

"அண்ணே, வருஷம் பூரா சும்மா இருந்தீங்க. இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"தம்பி, நான் சொன்னதுதான் சரி."

"எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்வாங்க."

"எல்லாரும் சிமென்ட் குழைக்கறாங்களா?"

அதில் ஏதோ முந்திரிக்கொட்டைக்கு உறைத்திருக்க வேண்டும். அறையை விட்டுப் போவதற்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அச்சடித்த படிவம்கூட இருந்தது. அவனே ஒன்றை வாங்கி நீட்டினான். கொத்தனார் தம் கையாலேயே எழுதினார். எழுத நேரமானது. மூன்று பேர் உள்ள நடுவர் குழு பக்கத்து அறையில் கூடியது. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எந்தப் பாடத்துக்கு என்று யாருக்கும் ஞாபகமில்லை. எல்லாவற்றைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வதில் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

"என்ன ஆதாரத்துல சொல்றீங்க?"

"தளம் போட்டா அடுத்த நாள்லேர்ந்து ஈரச்சாக்கு போட்டு, வாரம் பூரா தண்ணி விடுவோம் சார். காஞ்சா இறுகும்னா எதுக்கு நனைக்கணும்? காய விட்டா வெடிச்சுப்போகும். கிணத்துக்குள்ள, தண்ணிக்கு அடியில ஊத்தினாலும் இறுகும் சார். அங்க எது ஆவியாகும்?"

"இது அனுபவம். நான் கேட்டது ஆதாரம்."

கொத்தனார் ஜன்னலைக் காட்டினார். வெளியே பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் போட்ட படிக்கட்டு ஈரச்சாக்குக்குள் படுத்திருந்தது. காவல்காரர் அதற்குக் குழாயில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், அவரையே கேப்போம்."

"குழு அறையை விட்டு வெளிய வரக் கூடாது. ஜன்னல்ல பாக்கறதையும் கணக்குல எடுக்க முடியாது."

குழுவின் இளைய உறுப்பினர் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார். தேடினார், கண்டுபிடித்தார். வட்டாரத்தின் பழைய கேள்வித்தாள்கள் ஏழில் இதே கேள்வி வந்திருக்கிறது. ஏழிலும் விடை 'நீர் ஆவியாதல்'. முதல் தாள் பதினொரு வருஷத்துக்கு முந்தியது. அதை எழுதியவர் தப்பாக எழுதினார். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதினார். அதற்கடுத்தவர் இருவரையும் பார்த்து எழுதினார். இப்படியே ஏழு தாள். ஒரு தப்பை ஏழு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தால் அது ஊர்வலம் ஆகிவிடுகிறது, எதிரே வருகிறவன்தான் ஒதுங்க வேண்டியிருக்கிறது.

அந்த இளைய உறுப்பினருக்குக் கொஞ்சம் மனசாட்சி உறுத்தியது. "சார், இவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கிற மாதிரி..."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கலாம். இருந்தா, பதினொரு வருஷத்துல நடந்த எத்தனை ஆட்டத்தைத் திரும்பத் திறக்கணும் தெரியுமா? அதுல ஒரு வருஷம் நானே ஜெயிச்ச அணிக்குப் பயிற்சியாளர்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "ஆட்சேபம் தள்ளுபடி."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாவிட்டால் என்ன, புள்ளிக்கு உதவியது.

வராந்தாவில் மகள் தனியாக நின்றாள். அணிப் பிள்ளைகள் இறுதி ஆட்டத்துக்கு முன் சாப்பிடப் போயிருந்தார்கள். கொத்தனார் அவள் எதிரே போய் நின்றார்.

"நம்ம வீட்டு மாடிக்குத் தளம் போட்டப்ப ஒரு வாரம் தண்ணி விட்டது யாரு?"

"நான்."

"சாக்கு காஞ்சு போச்சுன்னு அன்னிக்கு உன்னைத் திட்டுனது யாரு?"

"நீ. அம்மாவும் கூடச் சேந்து திட்டுச்சு."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்பா."

"தெரிஞ்சேவா சொன்ன?"

"அவங்க சிமென்ட் எப்படி இறுகும்னு கேக்கலப்பா. தாள்ல என்ன எழுதியிருக்குன்னு கேக்கறாங்க. அதைத்தான் சொன்னேன்." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. உடனே மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

"மூஞ்சி அங்கதான் இருக்கு. நாற்காலிதான் போச்சு."

"எந்த நாற்காலி?"

சொன்னார். பொறுப்பாளர், கிளார்க் தம்பி, ஒரு பத்து, எல்லாவற்றையும். வீட்டில் இதுவரை யாரிடமும் சொல்லாதது. மகள் மூடிய ஜிப்பைத் திறந்தாள்.

"மூணாம் இடத்துக்கு ஒரு ஆட்டம் இருக்குல்ல உங்களுக்கு? எத்தனை மணிக்கு?"

"ஒரு மணி நேரம் இருக்கு."

"இந்தா." ஒரு கட்டுத் தாளை எடுத்து அவர் கையில் திணித்தாள். "கட்டடம், கல்லு, மண்ணுன்னு வர்ற கேள்வி மட்டும் மஞ்சக் கோடு போட்டிருக்கேன். பதினாலு இருக்கு. வருஷத்துக்கு ஒண்ணாவது திரும்பி வரும்."

"எல்லாம் சரியா இருக்குமா?"

"நீ படிச்சுட்டுச் சொல்லு. ஆனா எங்கிட்ட மட்டும் சொல்லு."

அவர் புதுப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், மரநிழலில் உட்கார்ந்து படித்தார். விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படிப்பார். நடுவில் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். ஒருமுறை, "அட கொலைகாரப் பாவிங்களா" என்றார். அந்தத் தாளை நம்பி ஒரு தூண் எழுப்பினால் கீழே நிற்பவன் கதி என்ன என்று யோசித்திருக்க வேண்டும். காவல்காரர் குழாயை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, கதைப் புஸ்தகமா?"

"பாதி கதைதான்."

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பதினெட்டாவது கேள்வியாக, மஞ்சள் கோடு போட்டதில் ஒன்று வந்தது. நடுவர் குழுத் தலைவரே அந்த ஆட்டத்துக்கு வாசித்தார். வழக்கமாக வாசிப்பவர் இறுதி ஆட்டத்துக்குப் போயிருந்தார்.

"சுவர் கட்டுவதற்கு முன் செங்கல்லைத் தண்ணீரில்..."

மணி. இந்தத் தடவை கொத்தனார் தம் விரலைத் தாமே பார்த்துக்கொண்டுதான் அழுத்தினார்.

காய்ந்த செங்கல் கலவையிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், உறிஞ்சினால் கலவை இறுகாமல் பொடியாகும், அதற்காகத்தான் நனைக்கிறோம். சித்தாளாகச் சேர்ந்த இரண்டாம் நாளே பிடரியில் ஒன்று வாங்கிக் கற்றுக்கொண்டது. பிடரியில் அந்த இடம் இப்போதும் அவருக்குத் தெரியும். மஞ்சள் கோட்டுக்குக் கீழே இருந்ததும் தெரியும்.

"ஐயா, பதில்?"

"செங்கல் மேல இருக்கற தூசியைக் கழுவறதுக்கு."

"சரி. பத்து."

முந்திரிக்கொட்டை நாற்காலியோடு துள்ளினான். வாசல் ஓரம் நின்றிருந்த பொறுப்பாளர் கைதட்டினார். மதிப்பெண் எழுதுகிற பெண் முப்பத்து மூன்றாவது ஆட்டத்தில் முதல் தடவையாக அவர் வரிசையில் பேனாவை வைத்தாள். கொத்தனார் எழுந்து நின்றார்.

"சார், ஒரு ஆட்சேபம்."

"யார் மேல?"

"என் மேலதான் சார். நான் சொன்ன பதில் தப்பு."

தலைவர் தாளைப் பார்த்தார். "இல்லையே, சரின்னுதானே போட்டிருக்கு."

"அதுவும் தப்பு சார். ரெண்டுக்கும் சேத்து ஒரே படிவத்துல எழுதலாமா?"

"அண்ணே, உக்காருங்கண்ணே!" முந்திரிக்கொட்டை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

தலைவர் விதிப் புத்தகத்தை எடுத்தார். முன்னாலிருந்து புரட்டினார், பின்னாலிருந்து புரட்டினார். தப்பென்று தீர்ப்பான பதிலுக்கு ஆட்சேபம் செய்ய வழி இருந்தது. எதிரணியின் பதிலுக்கு ஆட்சேபம் செய்யவும் வழி இருந்தது. தனக்குக் கிடைத்த புள்ளியை வேண்டாம் என்பவருக்கு, அந்தப் புத்தகம் எழுதியவர்கள் ஒரு வரியும் ஒதுக்கவில்லை.

"விதியில இடமில்ல ஐயா. பத்து உங்களுக்குத்தான்."

"வேண்டாம்னு சொன்னாலுமா?"

"வேண்டாம்னு சொன்னாலும். எடுத்துத்தான் ஆகணும்."

கொத்தனார் உட்கார்ந்தார். வாசலில் பொறுப்பாளர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்த மாதமும் நாற்காலி அவருடையதே என்று அதற்கு அர்த்தம்.

"பத்தொன்பதாவது கேள்வி," என்றார் தலைவர், குரலைச் சரிசெய்துகொண்டு. "தயாரா ஐயா?"

"தாள்ல இருக்கறதா சார், நிஜமா இருக்கறதா?"

தலைவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேள்வித்தாளைப் பார்த்தார்.