மணிக்கட்டில் நான்கு விரல்

ஞானம்பாள் சொன்னால் சொன்னதுதான். வயிற்றில் ஒரு முறை கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மாசி கடைசில, காலை நேரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளைக் கேட்டுக்கொண்டு வந்ததுபோல் குழந்தையும் அந்த வாரத்திலேயே பிறந்து தொலைக்கும். மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரமாக இருந்த ஐந்து குப்பங்களும் அவள் பொறுப்பு. செங்கல்பட்டில் நர்ஸ் பயிற்சி முடித்து, வெள்ளைப் புடவையும் தகரப் பெட்டியுமாக வந்து இறங்கியது அறுபத்து மூன்றாம் வருஷம். இந்தப் பதினோரு வருஷத்தில் அறுநூறு பிரசவத்துக்கு மேல் பார்த்தாகிவிட்டது. சனிக்கிழமை சாயந்தரம் பஸ் பிடித்துப் படாளத்தில் இருக்கும் புருஷன் வீட்டுக்குப் போனால், திங்கள்கிழமை விடிவதற்குள் திரும்பிவிடுவாள். அதற்குள் குப்பத்தில் யாருக்காவது வலி கண்டால், "திங்கக்கெழம வரிக்கும் அடக்கிக்கோடி" என்று மாமியார்கள் மருமகள்களைத் திட்டுவார்கள்.

கர்வம் உண்டா என்றால் உண்டு. கையில் சரக்கு உள்ளவளின் கர்வம் அது. தொப்புளில் சாம்பல் வைக்கிற வழக்கத்தை ஒழித்தவள் அவள். சீம்பாலைப் பீய்ச்சிச் சுவரில் அடிக்கப் போன கிழவிகளிடம், "மாட்டுச் சீம்பால மட்டும் வெல்லம் போட்டுத் திங்கறீங்க, உங்க பேரனுக்கு மட்டும் ஆவாதா?" என்று சண்டை போட்டு ஜெயித்தவளும் அவள்தான். அப்படிப்பட்டவளிடம் போய், அவள் சொன்னது தப்பு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ரத்னாவுக்கு வந்தது.

ரத்னாவுக்கு இருபத்தாறு வயது. கட்டுமரக்காரன் தேசப்பனின் மனைவி. தினமும் காலையில் மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கால்வாயைத் தாண்டித் திருப்போரூர் சந்தைக்கு நடந்து போய் விற்றுவிட்டு வருவாள். நாலு வயதில் ஒரு பெண் இருந்தது. அதுவும் ஞானம்பாள் கையில் பிறந்ததுதான். இப்போது இரண்டாவது. ஆறாம் மாதம் பார்க்கப் போனபோது ரத்னா பாயில் படுத்தபடியே சொன்னாள்.

"நர்சம்மா, உள்ள ரெண்டு கீது."

"எந்த ஜோசியக்காரன்டி சொன்னான்?"

"எவனும் சொல்லல. நான்தான் சொல்றேன். கூடைல ஒரே பெரிய மீனு கீதுன்னா அது ஒரு பக்கமா இழுக்கும். கழுத்து அதுக்குத் தோதா நின்னுக்கும். ரெண்டு மீனு உயிரோட கீதுன்னு வெச்சிக்கோ, இது இப்டி துள்ளும், அது அப்டி துள்ளும். ஒண்ணு சொல்றத ஒண்ணு கேக்காது. இப்ப என் இடுப்புல கீறது அந்தக் கனம்தான்."

ஞானம்பாள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மரக்குழலை எடுத்து வயிற்றில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டாள். ஒரே இதயம், டக் டக்கென்று குதிரை ஓட்டம்.

"ஒரே சத்தம்தான் கேக்குது. ஒண்ணுதான். உன் புருஷன மாதிரி ஆட்டம் போடற ஆம்பளப் புள்ள. போய் வேலையப் பாரு."

எட்டாம் மாதம் வயிறு அளவுக்கு மீறி ஏறியிருந்தது. அதை ஞானம்பாளும் பார்த்தாள். நீர் கொஞ்சம் அதிகம், குழந்தை பெரிசு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு ரத்னா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"செங்கப்பட்டுல எங்கக்கா வச்சலா கீறா. ஸ்டேஷனாண்டதான் வூடு. ஒரு மாசம் அங்க போய் இருந்து, பெரிய ஆஸ்பத்திரியில பெத்துக்கினு வரட்டுமா?"

ஞானம்பாளுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷத்தில் இந்தக் குப்பத்திலிருந்து ஒருத்திகூட அவளைத் தாண்டிப் போனதில்லை.

"ஏன், என் கைக்கு இன்னா வந்துச்சு?"

"ஐய, உன் கைய சொல்லல நர்சம்மா."

"அப்ப சும்மா கெட. நான் கீறேன்ல."

ரத்னா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நர்சம்மாவிடம் எதிர்த்துப் பேசிவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. செங்கல்பட்டுக்கும் போகவில்லை.

பங்குனி பிறந்து நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை விடியும்போது வலி கண்டது. மாமியார் பூவாயி ஓடிவந்து ஞானம்பாளைக் கூட்டிப்போனாள். தேசப்பன் கடலில் இருந்தான். கட்டுமரங்கள் கரை சேர ஒன்பது மணியாகும். ஞானம்பாள் ஓலை வீட்டின் மூலையில் பெட்டியைத் திறந்து, பிளேடு, நூல், கத்தரி, கண்ணாடி ஊசி எல்லாவற்றையும் கொதிக்க வைத்து வரிசையாக அடுக்கினாள். ரத்னா அலட்டிக்கொள்ளவில்லை. வலி வரும்போது கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனதும் மாமியாரிடம் உலையைப் பற்றி விசாரித்தாள். ஒன்பது மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது குழந்தை பிறந்தது. பெண். வந்த கையோடு கத்தித் தீர்த்தது.

"பாத்தியா, ஆம்பளன்னு சொன்னேன், பொட்டச்சி வந்து நிக்கறா" என்று ஞானம்பாள் தன்னைத்தானே கேலி செய்துகொண்டு தொப்புள்கொடியைக் கட்டி அறுத்தாள். குழந்தையைத் துணியில் சுற்றிப் பூவாயியிடம் கொடுத்தபோது, இவ்வளவு பெரிய வயிற்றுக்கு இவ்வளவு சின்னக் குழந்தையா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தோன்றியதை ஒதுக்கிவிட்டு ஊசியை எடுத்தாள்.

அது கர்ப்பப்பையை இறுக்கி ரத்தப்போக்கை நிறுத்துகிற ஊசி. குழந்தை பிறந்ததும் போடுவது. நேரம் வீணாகக் கூடாதென்று மருந்தை முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தாள். ஊசிக்கு முன்னால் வயிற்றில் கை வைத்து, உள்ளே வேறொன்றும் இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பது பயிற்சியில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம். முதல் நூறு பிரசவத்துக்கு அப்படித்தான் செய்தாள். அப்புறம் அந்த வழக்கம் ஓய்ந்துவிட்டது. எந்த வயிற்றிலும் அவள் சொன்னதற்கு மேல் ஒன்றும் இருந்ததில்லையே.

ரத்னாவின் தொடையைத் துடைத்துவிட்டு ஊசியைக் கொண்டுபோனாள். அப்போது ரத்னா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாணாம். இன்னொண்ணு கீது."

"அது நஞ்சுக்கொடிடி. கொஞ்ச நேரத்துல விழுந்துடும். கைய வுடு."

"நஞ்சு ஒதைக்குமா?"

"ரத்னா, வுடுன்றேன்ல. ரத்தம் போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

ரத்னா விடவில்லை. தினமும் கூடையைத் தூக்கி இறக்குகிற கை அது. ஞானம்பாள் இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. பூவாயி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னாடி பண்ற, அவங்களுக்குத் தெரியாதா?" என்று மருமகளை அதட்டினாள். ரத்னா மாமியார் பக்கம் திரும்பவே இல்லை. ஞானம்பாளின் இன்னொரு கையையும் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின் மேல், வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்தினாள்.

அங்கே ஒரு தலை இருந்தது.

உருண்டையாக, கெட்டியாக, உள்ளங்கைக்கு அடங்கி. தொட்டதும் நகர்ந்தது.

ஞானம்பாளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஊசி தோலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. அது மட்டும் உள்ளே போயிருந்தால் கர்ப்பப்பை மூடிய முஷ்டியாக இறுகியிருக்கும். உள்ளே இருக்கும் பிள்ளை மூச்சுக்கு வழியில்லாமல் அங்கேயே அடங்கியிருக்கும். குறுக்கே கிடந்தபடி இறுகினால் தாயும் பிழைப்பது சந்தேகம். இருபது மைல் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஊசியைத் தட்டில் வைத்தாள். அது கிண்ணென்று சத்தம் போட்டது.

"கீது" என்றாள்.

"அதான் சொல்லிகினு கீறேன் மூணு மாசமா."

பதறிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. மரக்குழலை வைத்துக் கேட்டாள். இதயம் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பனிக்குடம் இன்னும் உடையவில்லை. குழந்தை குறுக்காகக் கிடந்தது. முதல் குழந்தை இடத்தைக் காலி செய்துவிட்டதால் திருப்ப வசதி உண்டு. வலி மறுபடி பிடிப்பதற்குள் திருப்பியாக வேண்டும்.

"ரத்னா, இப்ப நீதான் சொல்லணும். கால் எந்தப் பக்கம் ஒதைக்குது?"

"எடது பக்கம். மேலாப்ல."

"தலைய நான் கீழ தள்றேன். அது நவுருதா, நின்னுக்கிச்சான்னு சொல்லிகினே இரு. வலி வந்தா உடனே சொல்லு, கைய எடுத்துடறேன்."

ஒரு கை தலையைக் கீழே அணைத்துத் தள்ள, மறு கை அடிப்புறத்தை மேலே ஏந்த, ஞானம்பாள் மெதுவாகத் திருப்பினாள். ரத்னா கண்ணை மூடிக்கொண்டு வழி சொன்னாள். "நவுருது... நவுருது... நின்னுட்ச்சு. இரு, வலி வருது." கையை எடுத்தாள். வலி போனதும் மறுபடி வைத்தாள். "ஆங், இப்ப போவுது. கீழ எறங்குது." தலை இடுப்புக்குள் வந்து உட்கார்ந்ததை இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தார்கள். அடுத்த வலியில் ஞானம்பாள் பனிக்குடத்தை உடைத்துவிட்டாள். நாலு முக்கலில் பையன் வந்து விழுந்தான்.

அவன் அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தான். பூவாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஞானம்பாள் ரப்பர் குழாயால் வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை உறிஞ்சி எடுத்தாள்; முதுகைத் துணியால் பரபரவென்று தேய்த்தாள்; உள்ளங்காலைச் சுண்டினாள். "அழுடா. உங்கம்மா இவ்ளோ தூரம் சண்ட போட்டிருக்கா, அழுடா டேய்." அவன் முகத்தைச் சுளித்து, ஒரு தும்மல் போட்டு, அப்புறம் அக்காவுக்கு மேல் கத்தினான். ஞானம்பாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

பையனைத் தாயின் மாரில் கிடத்திவிட்டு ஊசியை மறுபடி எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள். இடது கையை வயிற்றில் வைத்துப் பார்த்தாள். பிறகு ரத்னாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ள இன்னும் ஏதாவது கீதா?"

ரத்னா தன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"இல்ல. கூட காலி. இப்ப போடு."

தேசப்பன் கரையிலிருந்து வந்தபோது வாசலில் பாதிக் குப்பம் கூடியிருந்தது. பூவாயி நர்சம்மாவின் புகழைப் பாடிக்கொண்டிருந்தாள். ஒண்ணு சொல்லி ரெண்டு குடுத்துட்டாங்க, இவங்க இல்லாங்காட்டி என் பேரன் எங்க என்று ஒரே ஆரவாரம். தேசப்பன் கையில் இருந்த பெரிய வஞ்சிரத்தை ஞானம்பாளிடம் நீட்டினான்.

பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஞானம்பாள் கையை நீட்டவில்லை.

"இத எனக்குக் குடுக்காத. ரெண்டுன்னு உன் பொண்டாட்டி மூணு மாசமா சொன்னா. நான்தான் கேக்கல. செங்கல்பட்டு போறேன்னு கேட்டா, வேணாம்னு நிறுத்தி வெச்சதும் நான்தான். இன்னைக்கு அவ என் கையப் புடிக்கலன்னா உனக்குப் புள்ளயும் இருக்காது, அவளும் இருந்திருக்க மாட்டா."

தேசப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் கறுத்துப் போயிற்று. மீனை மணலில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் ஞானம்பாள் தாயையும் பிள்ளைகளையும் பார்க்க வந்தாள். இரட்டையருக்கு எப்படிப் பால் கொடுப்பது என்று சொல்லித் தரவேண்டுமென்று மனசுக்குள் பாடம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே போனால், ரத்னா இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுத்து, இரண்டையும் இரண்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரே நேரத்தில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பூவாயி பால்சுறா மீனைப் புட்டுக்கு அவித்துக்கொண்டிருந்தாள். பால் ஊறுவதற்கு அதைவிட வேறு மருந்து குப்பத்தில் கிடையாது. ஞானம்பாள் பாடத்தை விழுங்கிவிட்டு, காபி டம்ளரை வாங்கிக்கொண்டு பாயோரம் உட்கார்ந்தாள். அவள் மணிக்கட்டில் நான்கு விரல் தடம் இன்னும் இருந்தது. கறுத்து, இப்போது மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அதற்கு அவள் எண்ணெய் தடவவில்லை.

"தேசப்பன் என்னப் பாத்ததும் எழுந்து போயிட்டான்" என்றாள்.

"கோவம் கீது. பத்து நாள்ல பூடும்." ரத்னா பையனைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்தாள். "எனக்கும் கீது. ஆனா நீ வாசல்ல நின்னு சொன்ன பாரு, அத்த சொல்லாம மீனத் தூக்கிகினு போயிருந்தன்னா உன் மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்டேன்."

ஞானம்பாள் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்தாள்.

"எதிர் வூட்டு கல்யாணி வந்திருந்தா" என்றாள் ரத்னா. "ஏழு மாசம் அவளுக்கு. தல வலி தாங்கலியாம், கண்ணு முன்னால பூச்சி பறக்குதாம். உன்னாண்ட சொன்னதுக்கு பித்தம், எலுமிச்சம்பழத்த மோந்து பாருன்னியாமே?"

சொன்னதுதான். ரத்னாவின் பிரசவத்துக்கு முந்தின புதன்கிழமை, நடந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஞானம்பாள் டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தாள். கல்யாணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நர்சம்மாவைக் கண்டதும் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரு. எப்ப ஆரம்பிச்சுது, எப்டி கீது, ஒண்ணுவிடாம சொல்லு. நான் பேசல."

எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டாள். கல்யாணி முதலில் தயங்கினாள். பிறகு கொட்டித் தீர்த்தாள். கேட்டுக்கொண்டே ஞானம்பாள் அவள் கணுக்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இந்தத் தலைவலியையும் வீக்கத்தையும் விட்டால் வலிப்பு ஜன்னியில் கொண்டுபோய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"பொடவைய மாத்து" என்று எழுந்தாள். "பதினோரு மணி பஸ்ஸுல செங்கல்பட்டு போறோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு. நானும் கூட வரேன்."