பெயர் நீக்கிய இருபது தாள்கள்

சித்தூரில் கிராமச் சுகாதாரப் பணி செய்யும் ஒரு அறக்கட்டளையின் அலுவலகத்தில், கல்பனா ஒரு பக்கப் பரிந்துரையை மூன்றாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தாள். ராமகுப்பம் பக்கத்துக் களப்பணியாளர் ஒருத்தி அனுப்பிய அறிக்கையை அலுவலகத்தில் தப்பாகப் புரிந்துகொண்டதால் தடுப்பூசி வண்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. அதன் பிறகுதான் பன்னிரண்டு களப்பணியாளர்களையும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பயிற்சிக்கு அனுப்புவது என்று முடிவானது. எந்தப் பயிற்சி என்று சொல்லவேண்டியவள் அவள்.

திருப்பதியில் தாமோதரன் நடத்துவது ஒன்று, சித்தூரிலேயே பத்மாவதி நடத்துவது ஒன்று. ஆறு வருஷத்துக்கு முன் குடிபாலாவிலிருந்து தினம் பஸ் ஏறிப் போய்த் தாமோதரனிடம் படித்தவள் கல்பனா. அவள் குடும்பத்திலேயே அலுவலக மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் அவள்தான். பத்மாவதியோ போனிலேயே வெடுக்கென்று பேசினாள். தாமோதரன் பெயரைப் போட்டுப் பரிந்துரை எப்போதோ முடிந்திருக்க வேண்டும்; ஏனோ கை ஓடவில்லை.

பக்கத்து மேஜை ஸ்வர்ணலதா எட்டிப் பார்த்தாள். "அது நீ படிச்ச எடம். நல்ல எடமான்னு எப்பிடிச் சொல்ற?"

"என்னப் பாத்தா தெரியலியா?"

"உன்னப் பாத்தா உன்னத்தான் தெரியுது."

கல்பனாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து தண்ணீர் குடித்தாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மாலைக்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாள்.

முதல் நாள் ஆங்கிலத்தில் எழுதிய புகார்க் கடிதத்தையே கடைசி நாளும் எழுதவைப்பது இரண்டு இடத்திலும் வழக்கம். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஐந்து பழைய மாணவர்களின் இரண்டு கடிதங்களையும் அனுப்பச் சொன்னாள். வந்த இருபது தாள்களையும் எதையும் படிக்காமல் ஸ்வர்ணலதாவிடம் கொடுத்தாள். பெயர், தேதி, இடம் எல்லாவற்றையும் நீக்கி, கலைத்து, எண் போட்டுத் தந்தாள் அவள். இப்படிப்பட்ட கடிதங்கள் வழக்கமாகப் போய்ச் சேரும் மூன்று பேரிடம் கல்பனா அவற்றைக் கொண்டுபோனாள். கேட்டது ஒரே கேள்வி: இதைப் படித்தால் நீங்கள் என்ன செய்யவேண்டும் என்று தெரிகிறதா?

குடிநீர் அலுவலக குமாஸ்தா நாராயணசாமி பதினான்காம் தாளை எடுத்ததும் நிமிர்ந்தார். "இது சரியா கீது. ஸ்கூல் பக்கத்துல பைப் ஒடஞ்சி மூணு நாளாச்சி, சாக்கடை கலக்குது. இப்பவே ஆள அனுப்பிடுவேன்." பிறகு ஏழாம் தாளைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மேற்படி, மேன்மை, பணிவு, கவனம்... இன்னாதான் வேணுமாம்? ஃபைல்ல போட்டுருவேன்."

கல்பனாவின் காது சூடேறியது. இரண்டும் அவள் எழுதியவை. பதினான்கு முதல் நாள் எழுதியது; ஏழு, கடைசி நாள். நல்ல மாணவி என்று தாமோதரன் எடுத்து வைத்திருக்கிறார் போலும்.

மூன்று பேர் சொன்னதையும் எண்வாரியாகப் பிரித்துக் கூட்டியதில் தாமோதரனின் ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கடைசி நாள் கடிதம்தான் மோசம். பத்மாவதியின் ஐந்து பேரில் நான்கு பேர் தேறியிருந்தார்கள்.

அதோடு எழுதி முடித்திருக்கலாம். ஆனால் ஆளிடம் கேட்காமல் எழுதுவது நியாயமா என்று அரித்தது. மறுநாள் காலை ரயிலேறித் திருப்பதி போனாள். தாமோதரன் தாள்களை வாங்கிப் பார்த்தார்.

"கல்பனாம்மா, நீ அன்னைக்கி எதுக்கு வந்த? இண்டர்வியூ பாஸ் ஆகணும்னுதானே? மொத லெட்டர் மாதிரி எழுதியிருந்தா உன்ன உள்ளயே உட்டிருக்க மாட்டாங்க."

"நெஜம்தான் சார்."

"அப்ப நான் சொல்லிக் குடுத்தது தப்பா?"

"எனக்குத் தப்பில்ல சார். எங்க ஆளுங்களுக்கு வேற வேணும்."

அவர் தாள்களை மடித்துத் திருப்பித் தந்தார். "எழுதும்போது ரெண்டையும் எழுது" என்றார். வாசல்வரை வரவில்லை.

திரும்பும் ரயில் பாகாலாவில் நின்றிருந்தபோது அவள் மடியிலேயே எழுதினாள். வேலை தேடுகிறவர்களுக்குத் தாமோதரனின் பயிற்சி உதவும்; களப்பணியாளர்களுக்குப் பத்மாவதியினுடையது. இரண்டு தாள்கள் தன்னுடையவை, தாமோதரன் தன் ஆசிரியர் என்பதையும் எழுதினாள். பேனா அங்கே கொஞ்சம் நின்றது. பயிற்சி முடிந்ததும் இதே சோதனையை மறுபடி வைக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தாள். அறக்கட்டளை அப்படியே ஏற்றுக்கொண்டது.

மூன்று மாதம் கழித்துச் சோதனை நடந்தது. எட்டுப் பேருடைய கடிதங்கள் உடனே புரிந்தன. நான்கு பேருடையது புரியவில்லை. இதைச் சொல்லக் கல்பனா தாள்களோடு பத்மாவதியின் வகுப்புக்குப் போனாள்.

பத்மாவதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "எட்டு பேரப் பத்தி அப்பறம் பேசலாம்" என்று கையை நீட்டினாள். "அந்த நாலையும் குடு. எங்க உட்டேன்னு பாக்கணும்."

கல்பனா கொடுத்தாள். பத்மாவதி பேனாவைத் திறந்து முதல் தாளிலேயே மூழ்கிவிட்டாள். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கேட்காமலே கல்பனா அதை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.