அகலத் திருப்பம்

மாக்ஸீனின் காபிக் கடையில் அண்ணன் ரெமி அந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கோலெட் கதவருகிலேயே நின்றாள்.

"அவ விழுந்தா பாரு, படக அப்படியே பம்பரமாச் சுத்தினேன். அரை நிமிஷந்தான். காலரப் புடிச்சுத் தூக்கிட்டேன்."

கல்லாப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். மாக்ஸீன் அவன் கோப்பையில் மறுபடி காபி ஊற்றினாள். கோலெட்டுக்கு இடது கையில் மூன்று விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. அந்தக் கையாலேயே கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

நடந்தது இதுதான். நவம்பர் ஒன்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு, பிக்கெட் ஏரியின் நடுவில் அவள் படகிலிருந்து தண்ணீரில் விழுந்தாள். அண்ணனும் தங்கையும் இருபத்தாறு வருடமாக, இலை உதிர்ந்ததிலிருந்து ஏரி உறையும்வரை சேர்ந்தே மீன் பிடிப்பவர்கள். படகை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு நான்கு தூண்டில்களைப் பின்னால் இழுத்துப் போவார்கள்: இரண்டு மேல்நீரில் சால்மனுக்கு, இரண்டு ஆழத்தில் ஏரி ட்ரவுட்டுக்கு. ஆழத்துக்குப் போவது உள்ளே ஈயம் ஓடும் நூல். முப்பது அடிக்கு ஒருமுறை நிறம் மாறும். அன்று ஏழு நிறம், அதாவது இருநூற்றுப் பத்து அடி, வெளியே கிடந்தது. ஒரு தூண்டில் கம்பின் முனை வளையத்தைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. அதைத் தட்டிவிட எழுந்தாள், கால் வழுக்கியது.

ஏழு நிறம் வெளியே இருக்கும்போது படகை அகலமாக வளைத்துத்தான் திருப்ப வேண்டும். சடாரென்று திருப்பினால் ஈயநூல் தொங்கிப்போய் அடிப்பாறையில் மாட்டும், நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அன்றைய நாள் அதோடு சரி. அந்த ஏரிக்காரர்கள் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைக்கே தெரியும்.

ரெமி அகலமாகத்தான் திருப்பினான். மிதவைக் கோட்டு தன்னைத் தூக்கிப் பிடித்திருக்க, கோலெட் எண்ணிக்கொண்டே கிடந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கான முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அது: பதறாதே, எண்ணு. நூற்றுத் தொண்ணூறுவரை எண்ணினாள். படகு அவளை விட்டு விலகிப் போய், பெரிய வட்டமடித்து, சாவகாசமாகத் திரும்பி வந்தது. குளிரைக்கூட அவள் மறந்துவிடுவாள். அந்த வட்டத்தின் பாதியில் அண்ணன் முகம் இருந்த திசையை மறக்க முடியவில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. கம்பு முனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெமி வெளியே வந்ததும் அவன் லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நூலக் காப்பாத்த அகலமாத் திருப்பினேன்னு உள்ள போய்ச் சொல்லு. அதே ஆளுங்க முன்னாடி."

"உனக்கென்ன பைத்தியமா? உசுரோட நிக்கறேல்ல?"

"நிக்கறேன். அது கோட்டு செஞ்ச வேல."

"தண்ணியில கெடந்தவளுக்கு என்ன தெரியும்? குளுர்ல ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாத்தான் தெரியும்."

"எண்ணினேன் ரெமி."

"பல்லு கிட்டிப்போயி எண்ணினியாக்கும்! அவ்வளவு சுளுவுன்னா நீ ஓட்டிக் காட்டேன். வாய் மட்டும் பேருந்து நீளத்துக்கு இருக்கு."

"காட்டறேன். நாளைக்குக் காலைல. அதே நாலு கம்பு, அதே ஏழு நிறம். எனக்குப் பதிலா இருக்கை மெத்தையத் தூக்கித் தண்ணியில போடு. எப்ப வேணா போடு. எப்படித் திருப்பணும்னு பாத்துக்கோ."

"தோத்தா வாய மூடிக்கணும்."

"ஜெயிச்சா நீ வாயத் தொறக்கணும்."

இரவெல்லாம் அவளுக்குத் தூக்கமில்லை. அத்தனை கோபம்.

காலையில் ஏரி மேல் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கரையோரம் கண்ணாடித்தாள்போலப் பனி படிந்து, படகு இறங்கும்போது நொறுங்கியது. கோலெட் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தாள். ரெமி நூலை நிறம் நிறமாக விட்டான். ஏழு ஆனதும் நிறுத்தினான். ஆரஞ்சு நிற மெத்தை அவன் காலடியில் கிடந்தது. அவள் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் அதைத் தொடவும் இல்லை.

இருபது நிமிடம் போனது. திடீரென்று வலப்பக்க ஆழக்கம்பு தலையாட்டியது. ஒரு தரம், மறுபடி ஒரு தரம். பெரிய ட்ரவுட் வாயில் வைத்துப் பார்க்கும்போது இப்படித்தான் ஆட்டும். கோலெட்டின் கண் அங்கே போனது.

தொப்பென்று சத்தம் கேட்டது.

"ஆள் விழுந்தாச்சு!" என்று கத்தினான் ரெமி.

அவள் திருப்பினாள். திருப்பினேன் என்றுதான் நினைத்தாள். ஆரஞ்சு நிறம் பக்கவாட்டில் நழுவி, பின்னால் போய், சின்னதாகிக்கொண்டே இருந்தது. நூல்கள் நான்கும் விறைப்பாக, சீராக, விசிறிபோல விரிந்து வளைந்தன. அழகான திருப்பம். அவள் கை கைப்பிடியைக் குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டுக்கொண்டிருந்தது. கண் கம்பு முனையில் இருந்தது.

"பாத்தியா!" ரெமி தொடையைத் தட்டிச் சிரித்தான். "எங்க பாக்கறே பாரு! மெத்த செத்துப்போச்சு கோலெட்! போய் அடக்கம் பண்ணு!"

அவளுக்குக் காது சுட்டது. தன் கையை வெட்டி ஏரியில் எறிய வேண்டும்போல இருந்தது.

"இப்ப தெரியுதா? எவனா இருந்தாலும் அங்கதான் பாப்பான். கை அப்படித்தான் திரும்பும். நான் மட்டும் என்ன..."

அவன் நிறுத்திக்கொண்டான்.

"முடி" என்றாள்.

"என்னத்த முடிக்கறது?"

"நான் மட்டும் என்னன்னு ஆரம்பிச்சியே. நீயும் அங்கதான் பாத்தே."

ஆழக்கம்பு ஆட்டத்தை நிறுத்திவிட்டது. மீன் போய்விட்டது. இருவரும் அதைக் கவனித்தார்கள், இருவரும் கவனித்ததை இருவரும் பார்த்தார்கள். கோலெட்டுக்கு அதற்கும் கோபம் வந்தது.

"பாத்தேன்" என்றான் ரெமி. சிரிப்பு போய்விட்டிருந்தது. "உன்னப் பாத்துட்டு, அப்புறம் நூலப் பாத்தேன். அப்புறம்... நூலயே பாத்துட்டு இருந்துட்டேன்."

அவள் மோட்டாரை நிறுத்தினாள். "சுத்து. எல்லாத்தயும் உள்ள சுத்து. மாக்ஸீன் கடைக்குப் போறோம்."

பதினோரு மணிக்குக் கடையில் அதே ஆட்கள் அதே இடங்களில் உட்கார்ந்திருந்தார்கள். ரெமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னான். பம்பரம் இல்லை. அரை நிமிடம் இல்லை, மூன்று நிமிடத்துக்கு மேல். நூல் சிக்கக்கூடாதென்று அகலமாகத் திருப்பினேன் என்றான். காலையில் தானும் அதையேதான் செய்ததாகக் கோலெட் சொன்னாள். விழுந்தது மெத்தை என்பதால் யாரும் சாகவில்லை என்றாள்.

மாக்ஸீன் காபிக் குடுவையைக் கீழே வைத்தாள். நாற்பது வருடமாக அந்த ஏரியில் தூண்டில் இழுக்கும் நார்ம் மூக்கைச் சொறிந்துகொண்டு கேட்டார்:

"ஏழு நிறமா விட்டிருந்தே?"

"ஏழு."

"நாலுல ஒண்ணாவது சிக்கிச்சா?"

கல்லாப் பக்கம் இருந்த எல்லோரும் பதிலுக்காக ரெமியை நிமிர்ந்து பார்த்தார்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்கள். இல்லை என்று சொன்னால் நல்லவேளை என்று பெருமூச்சு விடத் தயாராக இருந்தார்கள். கோலெட்டின் செத்த விரல்கள்கூட மடங்கிக்கொண்டன. கையில் ஏதாவது இருந்திருந்தால் நார்ம் மேல் எறிந்திருப்பாள்.

"இல்ல" என்றான் ரெமி. தொப்பியை ஒருமுறை திருப்பினான். "சிக்க விட்டிருக்கணும்."

யாரும் பெருமூச்சு விடவில்லை. கோலெட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள். "நார்முக்குக் காது மந்தம்."

ரெமி இன்னும் சத்தமாகச் சொன்னான்.