பதினொரு நட்சத்திரம்

ஐந்து வகுப்பு தொடர்ந்து எடுத்ததில் சுற்றுச்சூழல் பாட டீச்சருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மா வந்து நின்றாள்.

"ஸ்கூல்ல தண்ணியே குடிக்கிறதில்லையாம் மிஸ். நீர்க்கடுப்பு வந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இந்த வெக்கையில ஃபேன் போடவும் விடமாட்டேங்கிறா."

டீச்சர் சுவரைப் பார்த்தாள். தண்ணீரோ கரண்டோ, எதை மிச்சம் பிடித்தாலும் ஒரு தங்க நட்சத்திரம் என்று அவளே மாட்டிய அட்டை. அந்தச் சிறுமிக்குப் பதினொன்று, வகுப்பிலேயே முதல். போன வாரம் எல்லோரையும் கைதட்டச் சொன்னதும் இவள்தான். எப்படி மிச்சம் பிடித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, பெரிய டீச்சராம் இவள்!

அம்மா போனதும் சிறுமியைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"குடிடா கண்ணு."

"நான் குடிச்சா தீந்துபோயிடாதா மிஸ்?"

"நீ குடிச்சுத் தீராதுடா. தண்ணியைக் காப்பாத்துறது பெரியவங்க வேலை. நாங்கதான் கோட்டை விட்டுட்டோம். நீ குடி."

சிறுமி மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நேராகச் சுவருக்குப் போனாள். தன் பெயருக்கு எதிரே இருந்த ஒரு நட்சத்திரத்தை நகத்தால் உரித்துவந்து, டீச்சரின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.