நாலடுக்குக் கேரியர்

மனைவி இறந்த பிறகும் அந்த நாலடுக்குக் கேரியரில்தான் தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோகிறேன். எனக்கு ஓர் அடுக்கே போதும். ஆனால் நாலும் இருந்தால்தான் மேல் கம்பி பூட்டும். செய்த மடையன் தனியாளை நினைத்தே பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளில் காலி அடுக்குகள் மூன்றும் கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம் கேட்டாலே கூட வேலை செய்யும் லோகேஸ்வரி என்னைப் பரிதாபமாகப் பார்க்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

இன்று அதே சோற்றை நாலாகப் பிரித்து அடைத்தேன். சத்தம் அடங்கிவிட்டது.

"சன்னாசிண்ணே, இன்னைக்கு நாலும் ரொம்பியிருக்கா? வீட்டுக்கு யாரு வந்திருக்கா?"

"புஞ்சாக் ஆலாமிலேருந்து மக வந்திருக்கு லா."

மதியம் செம்பனை மரத்துக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து, நாலையும் ஒரே அடுக்கில் கொட்டிச் சாப்பிட்டேன்.